ஒன்று புள்ளி மூன்று

விடைத்தாளின் ஓரத்தில்
சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி:
“நிச்சயத்தைவிட நிச்சயமா, எர்சீலியா?”

நான் கண்டுபிடித்த நிகழ்தகவு 1.3.

வால்டிவியாவில் ஜூன் மாதம்
மழைக்கு 0.7, காற்றுக்கு 0.6,
இரண்டும் சேர 0.5.
ஏதாவது ஒன்றாவது வர எவ்வளவு என்று கேட்டிருந்தார்கள்.
கூட்டிவிட்டேன்,
மளிகைச் சீட்டைக் கூட்டுவதுபோல.
நனைந்துகொண்டே குடை மடங்கிப்போன நாட்களை
மழைப் பக்கத்திலும் எண்ணி
காற்றுப் பக்கத்திலும் எண்ணி.
ஒருமுறை கழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுதானுக்குப் பன்னிரண்டு மதிப்பெண்.

இந்த ஊரில் பிறந்தவளுக்கு
இரண்டும் சேர்ந்தே வரும் என்று தெரியாதா
எனச் சிரித்தாள் ஔரிஸ்தேலா.
எதிலிருந்து எதைக் கழித்தாளோ,
அவள் விடை மைனஸ் 0.2.
நடக்காததைவிடவும் நடக்காது.
அன்றிரவு பயற்றங்கஞ்சி கொதிக்கும்வரை
இருவர் விடையையும் கூட்டிப் பார்த்தோம்.
1.1.
“இப்பவும் கொஞ்சம் அதிகம்தான்” என்றாள்.

மார்ச்சில் அறுபத்துநான்கு பேர் இருந்தோம்.
இப்போது முப்பத்தொன்று.
ஈரக் கோட்டுகள் ஹீட்டரின் மேல் ஆவி விட
பேராசிரியர் ஓயார்சூன்
பகடையின் சராசரியைப் பலகையில் எழுதுகிறார்.
எங்கள் மொழியில் அதற்குப் பெயர் எஸ்பெரான்சா.
நம்பிக்கை.
பகடையின் நம்பிக்கை மூன்றரை.
மூன்றரை என்று அதற்கு முகமே இல்லை.
ஔரிஸ்தேலாவின் அத்தை பெயரும் எஸ்பெரான்சாதான்;
அவரும் எந்தப் பிறந்தநாளுக்கும் வந்ததில்லை.

சனிக்கிழமைகளில் ஆற்றோரச் சந்தையில்
மீன் செதில் எடுக்கிறேன்.
படிக்கட்டின் கீழே கடற்சிங்கங்கள்.
ஒருநாள் பாடத்தை அவற்றிடம் சோதித்தேன்:
ஒரு தலையை எறிவது, யார் பிடித்தார் எனக் குறிப்பது.
பெருத்தது, காது கிழிந்தது, மற்றவை.
நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது
என்பது முதல் வாரப் பாடம்.
கடற்சிங்கத்துக்கு உண்டு.
இருபதாவது எறிதலுக்குள்
எல்லாம் என் கைப்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டன.
அட்டவணை கெட்டது.
முதலாளியம்மா தலைகளை எண்ணிக் கூலியில் பிடித்தாள்.

இரண்டாம் தேர்வு. நான்காம் கேள்வி.
இரு மாணவியர் தேறுவதற்கான நிகழ்தகவு 0.6, 0.5.
இவை சார்பற்றவை எனக் கொள்க.
இருவரும் தேற எவ்வளவு?

பெருக்கினேன். 0.30.
பேனாவை மூடிவிட்டேன்.
திரும்பத் திறந்தேன்.

எனக் கொள்க.
எப்படிக் கொள்வது?
எங்களுக்கு இருப்பது ஒரே புத்தகம்,
அதிலும் எண்பத்தெட்டாம் பக்கம் கிழிந்தது.
ஒரு பல்பு. ஒரு குடை.
அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள் எனக்கு.
பேயஸ் தேற்றம் எனக்குப் புரிந்தது
பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் சத்தமாகச் சொன்னதால்;
அவளுக்குப் புரிந்தது
நான் இல்லை, இல்லை என்று மூன்று முறை தடுத்ததால்.

விடைக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதினேன்:
இவர்கள் ஒரே அறையில் இருந்தால் 0.30 தப்பு.
அதைவிடக் கூடலாம்.
எவ்வளவு கூடும் என்று சொல்லத் தரவு போதாது.

இன்று தாள் வந்தது.
0.30க்கு முழு மதிப்பெண்.
கீழே எழுதியதற்குச் சரியும் இல்லை, தப்பும் இல்லை.
பென்சிலில் என் முதலெழுத்து,
பக்கத்தில் நிமிர்ந்த ஒரு கோடு,
கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் முதலெழுத்து.
அவள் தேறியிருந்தால் நான், என்று படிக்க வேண்டும்.

எங்கள் பெயர் அவருக்குத் தெரியும் என்றே
நான் நினைத்திருக்கவில்லை.

ஔரிஸ்தேலா ஸூன்யிகா பட்டியலில் கடைசி.
என் முழங்கையைப் பிடித்திருக்கிறாள், வலிக்கிறது.
பேராசிரியர் நிதானமாக
ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார்.
இன்னும் எம் எழுத்தைத் தாண்டவில்லை.