மிதியில் வைக்காத கால்

பாசிர் பாஞ்சாங், ஏழாவது மாடி, இரவுப் பணி.
மேசைமேல் வளைகழுத்து மைக்,
காலடியில் மிதிகட்டை.
ரேடியோ இங்கே இல்லை; அது
துவாஸில் ஏதோ ஒரு கூரையில் நனைகிறது.
நான் மிதித்தால் அது பேசும்.

டிஜிட்டல் வந்த பிறகு
காற்று வருவதில்லை, மழை வருவதில்லை,
குரல் மட்டும்,
துடைத்த தட்டுபோல.
"மழையா அங்கே?" என்றேன்.
"கொட்டுது, ஓவர்" என்றார் பாண்டித்துரை,
ஒரு சொட்டு ஈரமில்லாமல்.

அப்புறம் பொத்தானை விட மறந்துவிட்டார்.
ஏதோ முணுமுணுப்பு. பாட்டு.
பேச்சல்ல என்று கருவி முடிவெடுத்து
அதைச் சரளைக்கல்லாய் உடைத்து அனுப்பியது.
எந்தப் பாட்டென்று தெரியவில்லை.

என் மிதிக்கு முன்னுரிமை உண்டு:
அழுத்தினால் அவர் அறுந்துபோவார்.
மூன்றாம் கிரேன் காத்திருந்தது.

பதினோரு நொடி
காலைச் சற்றே தள்ளி வைத்துக்கொண்டேன்.