இருபத்திரண்டு சென்டிமீட்டர்

படகுக்கு இந்தப் பனிக்கட்டி அதிகம்,
வண்டிக்குக் குறைவு.
பதினான்கு சென்டிமீட்டர், ஆண்டவரே.
இன்று காலை துளையிட்டு அளந்தேன்.
பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்:
ஹெல்வே, சாலைத் துறை, தீவுக் கரை.

இருபத்திரண்டு வந்தால்தான்
பால்டிக் கடல்மேல் சாலை திறக்கலாம் என்பது விதி.
அக்கரை ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில்,
என் தங்கை மைமு.
ஒன்பது கிலோமீட்டர்.
தெளிந்த இரவுகளில் விளக்குகள் தெரிகின்றன.
அவற்றில் எது அவள் ஜன்னல் என்று
ஒவ்வொரு இரவும் ஒன்றை முடிவு செய்கிறேன்,
ஒவ்வொரு இரவும் வேறொன்றை.

முதல் வாரம் உம்மிடம் நிறையப் பேசினேன்.
டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன்,
உமக்குத் தெரியாதது போல.
மருந்தின் பெயரைக்கூட எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.
பிறகு பேரம்:
பதினொரு வருஷம் நாங்கள் பேசாமலிருந்தது
எந்தப் பைன் தோப்புக்காகவோ
அதை அவளே எடுத்துக்கொள்ளட்டும், முழுதும்,
ஒரு மரம்கூட எனக்கு வேண்டாம்.

அன்றிரவு பனி கொட்டியது.
பனி கொட்டினால் கடல் சீக்கிரம் உறையும் என்பார்கள்
இந்தப் பக்கம் வாழாதவர்கள்.
இல்லை. பனி ஒரு கம்பளி.
அது போர்த்திய இடத்தில் குளிர் உள்ளே இறங்காது,
பனிக்கட்டி தடிக்காது.
நானும் ஹெல்துரும் மண்வாரி எடுத்து
வழி நெடுகத் தள்ளினோம்.
தள்ளிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது:
என் வார்த்தைகள்.
எவ்வளவு மெதுவாக, எவ்வளவு வெள்ளையாக
உமக்கும் எனக்கும் நடுவே
கொட்டி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போதகரால் கடல் தாண்ட முடியவில்லை.
கோயிலில் நாங்கள் நான்கு பேர்.
ஆர்கன் வாசிக்க யாருக்கும் தெரியாது.
யாரும் எழுந்து வேதம் வாசிக்கவும் இல்லை.
அடுப்பின்மேல் கையுறைகள் ஆவி விட்டன.
எண்டெல் தூங்கி, குறட்டை விட்டு,
தன் குறட்டையில் தானே விழித்து
"ஆமென்" என்றார்.
அதைவிடச் சரியான இடத்தில்
ஓர் ஆமென் விழுந்து நான் கேட்டதில்லை.

மற்ற நேரமெல்லாம் சும்மா இருந்தோம்.
சும்மா இருப்பது சுலபமில்லை.
முழங்கால் அரித்தது. விறகுக் கணக்கு வந்தது.
தோப்பு வந்தது, வேலியோடு.
வந்ததை வரவிட்டேன், போவதைப் போகவிட்டேன்.
கடைசியில் ஒரு சிறு இடைவெளி,
எண்டெலின் அடுத்த குறட்டைக்கு முன்னால்.
அவ்வளவுதான்.

பனிக்கட்டி மேலே வளர்வதில்லை, அடியில் வளர்கிறது.
இருபத்தாறு வருஷம் அளந்தவள் சொல்கிறேன்,
மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.
இருட்டில், கடல் தொடும் பக்கத்தில்,
ஒரு முடி அகலம், இன்னொரு முடி அகலம்.
அதை நம்பித்தான் இருந்தேன்.
பதினேழு. பத்தொன்பது. இருபது.
இருபதரை.

செவ்வாய் இரவு தென்மேற்குக் காற்று.
கடல் முனகியது, பிறகு வெடித்தது.
காலையில் துளையிட ஒன்றுமில்லை.
கறுத்த அலைகளில் துண்டுதுண்டாக
என் மூன்று வாரம்.
பாறையில் உட்கார்ந்து உம்மைத் திட்டினேன்.
மறைத்துப் பயனில்லை, கேட்டிருப்பீர்.
அளவுகோலைக் கடலில் எறியப் போனேன்.
அரசாங்கச் சொத்து. எறியவில்லை.

மதியம் ஓர் ஊதல்.
படகு.

இருபத்திரண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பூஜ்யத்தில்,
நீர்.

இப்போது மேல்தளத்தில் நிற்கிறேன்.
பையில் தோப்புப் பத்திரம், ஒரு ஜோடிக் காலுறை.
மைமு கண் திறப்பாளா,
திறந்தாலும் முகத்தைத் திருப்புவாளா, தெரியாது.
உமக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை.
சொல்ல வாய் திறந்தேன்,
குளிர்க்காற்று முந்திக்கொண்டது.
அக்கரை மெதுவாகப் பெரிதாகிறது.
மூன்றாம் மாடியில் எத்தனை ஜன்னல் என்று
எண்ணத் தொடங்கி,
நிறுத்திக்கொள்கிறேன்.