அரை முழ உயரத்தில்

ஃபுல்வியோவின் கெண்டைக்காலில் நான்கு துளைகள்.
தையல் போடவில்லை.
பூனைக்கடியை மூடித் தைக்கக் கூடாதாம்,
திறந்தே கிடந்துதான் ஆற வேண்டுமாம்.
அவசரப் பிரிவில் ஒரு பெண் சொன்னதை
அவன் என்னிடம் மூன்று முறை சொன்னான்,
ஏதோ என் குற்றம் போல.

ஒன்பது வருடம்.
இந்த மூன்றாம் மாடிதான் அதற்கு உலகம்.
பால் கலந்த சின்னக் காப்பியை
திரியெஸ்தேயில் காப்போ என்போம்;
அந்த நிறம், அதனால் அந்தப் பெயர்.
ஃபுல்வியோ சவரம் செய்யப் போனால்
வாஷ்பேசினுக்குள் சுருண்டுகொள்ளும்.
தூங்குவது அவன் தோளில், என் தோளில் அல்ல.
அதுதான் திங்கட்கிழமை விடியுமுன்
தண்ணீர் குடிக்க எழுந்தவன் மேல்
ஒரு சீறல்கூட இல்லாமல் பாய்ந்தது.

மறுபடி வியாழன். மறுபடி ஞாயிறு.
காரணமே இல்லை, என்றான்.
காரணமே இல்லை, என்றேன் நானும்.

டாக்டர் ஜிதாரிச் வாயைத் திறந்து பார்த்தார்,
முதுகெலும்பை ஒவ்வொரு மணியாய் அழுத்தினார்,
ரத்தம் எடுத்தார், தைராய்டு பார்த்தார்.
எல்லாம் சரி.
அந்த இரண்டு சொல்
இவ்வளவு கனக்கும் என்று தெரியாது.
கிளம்பும்போது கேட்டார்:
பாய்வதற்கு முன் அது எங்கே இருந்தது?
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
கடித்த பிறகுதானே
பூனையைப் பார்க்கத் தொடங்கியிருந்தோம்.

கார்ஸ்ட் மேட்டில் தெரிந்தவர் பண்ணை இருக்கிறது,
விட்டுவிடலாம் என்றாள் அவன் தங்கை.
அவன் மறுக்கவில்லை.
படுக்கையறையைத் தாழிட்டுக்கொண்டான்.

அன்றிரவு போரா அடித்தது.
மேட்டிலிருந்து கடலுக்குள் பாயும் காற்று;
மனிதர் பிடித்து நடக்கத்
தெருமுனைகளில் கயிறு கட்டிய ஊர் இது.
நான் போர்வையோடு அடுக்களைத் தரையில் படுத்தேன்.
வீரம் ஒன்றுமில்லை,
காலில் பனிச்சறுக்கு பூட்ஸ் மாட்டியிருந்தேன்.

நாலு மணிக்குக் காப்போ வந்தது.
என்னைச் சட்டை செய்யவில்லை.
பால்கனிக் கதவின் அடிக்கண்ணாடி முன் உட்கார்ந்தது.
அந்தக் கதவு வழியே ஒன்பது வருடமாக நான் பார்த்தது
கடல், கிரேன், யார் வீட்டுச் சலவையோ.
கன்னத்தைத் தரையில் வைத்தேன்.

அரை முழ உயரத்தில்
கடல் இல்லை.
கம்பிகளுக்கு நடுவே பக்கத்து ஓட்டுக்கூரை,
புகைபோக்கியடியில் காற்றுக்கு ஒதுங்கிய
காது கிழிந்த ஒரு சாம்பல் கடுவன்.
இமைக்காமல் எங்கள் வீட்டையே பார்த்தது.

இந்தப் பக்கம் காப்போவின் வால்
உடம்பைச் சேராதது போல் துடித்தது.
தொண்டைக்குள் ஒரு ஓசை,
தொலைவில் லாரி கியர் மாற்றுவது போல.
அந்த நேரம் பார்த்துத்தான்
வெறுங்காலோடு ஒருவன்
தண்ணீர் குடிக்க வந்திருக்கிறான்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
எய்தவன் எட்டாத இடத்தில் இருந்தால்
பக்கத்தில் நிற்பவன்தான் எய்தவன்.

காப்பிக் கிடங்கில் மூட்டை எடை குறைந்ததென்று
மேலாளர் போனில் கத்திய நாட்களில்
நான் வீட்டுக்கு வந்து
ஈரத் துண்டைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.
ஃபுல்வியோவும் அப்போதெல்லாம்
காரணமே இல்லை என்றுதான் நினைத்திருப்பான்.

காலையில் அடிக்கண்ணாடி முழுக்கச்
செய்தித்தாள் ஒட்டினோம்.
பக்கத்து வீட்டு வெஸ்னாவிடம் கேட்டேன்,
அந்தக் கடுவன் யாருடையது?
அதுவா, பரம சாது, என்றாள்.

மூன்று வாரம் ஆயிற்று.
காப்போ இன்னும் தோளுக்கு வரவில்லை.
அவன் நடந்தால் இருவருமே நின்று பார்க்கிறார்கள்,
அவனும் அதுவும்.
நேற்று வாஷ்பேசினில்
பால்காப்பி நிறத்தில் இரண்டு முடி.
ஃபுல்வியோ குழாயை மெல்லத் திறந்து
அவை நனையாமல் பல் தேய்த்தான்.