அரை மதிப்பெண்

பீட்டர்ஹெட் மீன் ஆலையில்
என் வேலை முள் எடுப்பது.
ஹேடக் மீனின் நடுக்கோட்டில் விரலை ஓட்டினால்
எது எங்கே நிற்கிறதென்று தெரிந்துவிடும்.
இடுக்கியால் ஒரு சுண்டு.
அவ்வளவுதான்.
மணிக்கு நூற்றிருபது துண்டு.

செவ்வாய்க்கிழமை மாலை
நூலகத்து மாடியில் எனக்கு எதிர்வேலை.
யாரோ முள்ளெடுத்துவிட்டுப் போன வாக்கியங்கள்
தாளில் வரிசையாகக் கிடக்கும்.
கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும்.
எடுத்ததைத் திரும்ப வைப்பது
எவ்வளவு கடினமென்று
ஐம்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

தாளுக்குள் ஒரு பெண் இருக்கிறாள், பெனலபி.
தினமும் ஏழு மணிக்கு ______
எழுகிறாள். சுலபம்.
இப்போது தேநீர் ______
குடித்துக்கொண்டிருக்கிறாள். சரி.
பத்து வருடமாக இதே வீட்டில் ______
இங்கேதான் தடுக்கும்.
வாழ்ந்தாளா, வாழ்கிறாளா,
வாழ்ந்துகொண்டே வந்திருக்கிறாளா?
வாடகை கட்டினாளா என்று கேளுங்கள்,
சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அந்தக் குட்டிச் சொற்கள்,
'எ', 'தி'.
என் மொழியில் இந்தச் சங்கதி கிடையாது.
கிளைப்பெடாவில் கதவு என்றால் கதவு.
இங்கே, ஏதோ ஒரு கதவா
நாம் இருவரும் அறிந்த அந்தக் கதவா என்று
தட்டுமுன்பே சொல்லிவிட வேண்டும்.
பக்கத்து நாற்காலி கிடானே
அஸ்மாராவிலிருந்து வந்தவர்,
எல்லா இடத்திலும் 'தி' போடுகிறார்.
உலகத்துக் கதவெல்லாம்
ஏற்கெனவே திறந்து பார்த்தவர் மாதிரி.

சொல்லிக்கொடுப்பவன் ரோரி.
என் மகனைவிட இரண்டு வயது சின்னவன்.
பகலில் துறைமுகத்தில் எடைச்சீட்டு எழுதுகிறான்.
தப்பின்மேல் சிவப்புக் கோடு இழுக்குமுன்
மெதுவாக 'சாரி' சொல்வான், தாளிடம்.

அன்றைக்கு ஆறாம் கேள்வி:
நான் அவனை நன்றாக ______
அறிவேன் என்பதற்கு இங்கிலீஷில் 'நோ'.
எழுத்தில் முன்னால் ஒரு கே நிற்கும்
வாயில் வராது.
இல்லை என்பதற்கும் அதே சத்தம்.
அறிவேனா, இல்லையா,
கேட்பவர் பாடு.

நான் 'கென்' என்று எழுதினேன்.
யோசித்து எழுதவில்லை.
மூன்று வருடமாகப் பட்டைக்கு எதிர்ப்பக்கம்
ம்யூரியல் நிற்கிறாள்,
'ஐ கென், ஐ கென்' என்று
நாளைக்கு நாற்பது தரம் சொல்கிறாள்.
அவள் வாயிலிருந்து ஒருநாளும்
அந்த ஊமைக் கே வந்ததில்லை.

ரோரியின் பேனா ஆறாம் வரிக்கு மேலே நின்றது.
காது சிவந்தது, முதலில் வலது, பிறகு இடது.
'எங்க வீட்ல இதைத்தான் சொல்லுவோம்' என்றான்.
'ஸ்கூல்ல சொன்னா
ஒழுங்காப் பேசுன்னு நிறுத்திவைப்பாங்க.'
விடைத்தாளைப் புரட்டினான்.
அங்கே ஒரே ஒரு சொல்,
முன்னால் கே வைத்தது.
கோட்டை இழுக்கவுமில்லை,
டிக் போடவுமில்லை.
ஓரத்தில், மிகச் சிறிதாக: ½.

'பரீட்சைல எழுதாதீங்க.'
'ஆலையில்?'
'ஆலையில் வேற எதையும் சொல்லாதீங்க.'

கிடானே எட்டிப் பார்த்தார்,
தனக்கும் ஒரு அரை கிடைக்குமா என்று.
ஜன்னலுக்கு வெளியே
ஏதோ ஒரு படகு வந்துகொண்டிருந்தது.
இல்லை, அந்தப் படகு:
நாளை காலை என் கைக்கு வரப்போகிற மீன்
அதில்தான் இருந்தது.

புதன் காலை, ரப்பர் பூட்ஸ், காதடைப்பு.
எத்தனை வாங்கினாய் என்று
கையாலேயே கேட்டாள் ம்யூரியல்.
பத்துக்கு ஏழரை என்று கத்தினேன்.
அரை எதற்காம்?
சொன்னேன்.
கத்தியைக் கீழே வைத்தாள்.
காதடைப்பைக் கழற்றி
'இன்னொரு தடவை சொல்லு' என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள்
மூன்று துண்டுகள்
முள்ளோடு போய்விட்டன.