மூன்று கிலோ நானூறு

ஜன்னல் கம்பியில் இனி இடமில்லை.
டச்சுக்குடாவிலிருந்து காற்று எழும்பும் நேரமெல்லாம்
நாற்பத்தொரு பதக்கமும் ஒன்றோடொன்று மோதி
பாத்திர வியாபாரி பள்ளத்தில் சைக்கிளை விட்டதுபோல் சத்தம்.
"உன்ர வெற்றி என்னை நித்திரை கொள்ள விடுகுதில்லை"
என்கிறார் றெஜினோல்ட்,
போர்வையைத் தலைக்கு மேல் இழுத்தபடி.

வெற்றி என்று ஒன்றுமில்லை.
ஓடி முடித்த எல்லோருக்கும் கொடுப்பது.
முதலாவதாக வந்த நேவிப் பொடியனுக்கும்
முந்நூற்றுப் பன்னிரண்டாவதாக வந்த எனக்கும்
ஒரே அச்சு, ஒரே கலங்கரை விளக்கம்.

முதலாவதை அலுமாரிக்குள்
கலியாணச் சேலைக்கு அடியில் வைத்தேன்.
பத்தாவதுக்கு ஆணி அடித்தேன்.
இருபதுக்குப் பிறகு
பையிலிருந்து எடுக்கவே மறந்தவை உண்டு,
வாழைப்பழத் தோலோடு.

கடற்காற்று தங்கத்தை நம்புவதில்லை.
ஒரு மாரி போதும்:
விளிம்பில் பச்சை, நடுவில் வெண்பொரி.
நிலாவெளி அரை மரதனில்
'அரை' மட்டும் மிச்சம்.

சனிக்கிழமை பழைய இரும்பு லொறி வந்தது.
கிண்ணியா நவ்பர் காக்கா காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை.
வாசல் கல்லில் உரசினார்.
"பித்தளையுமில்ல தங்கச்சி, செம்புமில்ல.
நாகம். மேல பூச்சு."
தராசில் மூன்று கிலோ நானூறு.
ஐந்நூறு சொச்சம் கிலோமீற்றரை
அவர் சொன்ன விலைக்குப் பிரித்துப் பார்த்தேன்,
ஒரு கிலோமீற்றருக்கு ஒரு தோடம்பழ இனிப்பும் வராது.
"நாடாவக் கழட்டித் தந்தா வசதி."
கழற்றத் தொடங்கினேன்.
மூன்றாவது நாடாவில் ஒரு வெள்ளைக் கோடு.
கடலுப்பில்லை, என்னுடையது.
"இன்னொரு நாளைக்கு வாங்கோ காக்கா."
அவர் கோபிக்கவில்லை.
பிளாஸ்டிக் பேசின் ஒன்றை எனக்கு விற்றுவிட்டுப் போனார்.

நாலைத் திரைச்சீலையின் அடி மடிப்பில் வைத்துத் தைத்தேன்.
காற்று இப்போது அதோடு மல்லுக்கட்டுகிறது.
இரண்டு கந்தோரில்,
மின்விசிறிக்கும் காணி வரைபடங்களுக்கும் நடுவில்.
ஈயம் விலையேறிப் போச்சென்று
பக்கத்து வீட்டு யூஜின் வலைக்கு ஆறு கேட்டார்.
எறிந்து பார்த்துவிட்டு வந்து
"கனம் காணாது, ஆனா மினுக்கத்துக்குச் சூடை வருது" என்றார்.
அது பொய்.
சட்டிக்குச் சூடை வந்தது உண்மை.

மிச்சத்தைக் கழுவிக் கொடியில் காயப்போட்டேன்.
கோட்டைப் பக்கத்து மானொன்று
மதில் வெடிப்பால் உள்ளே வந்து
பாசிக்குடா பத்துக் கிலோமீற்றரின் நாடாவை மென்றது.
பதக்கம் தாடைக்குக் கீழே ஆட
பரிசளிப்புக்குப் பிந்தி வந்த பிரமுகர்போல் என்னைப் பார்த்தது.
தொண்டைக்குள் போனால் செத்துவிடும்.
வித்தியாலயம் வீதி முழுக்க,
வீட்டுச் சட்டையோடு,
வெறுங்காலோடு.
என் வாழ்நாளின் வேகமான நானூறு மீற்றரை
யாரும் நேரம் பார்க்கவில்லை.

எச்சில் நாடாவோடு திரும்பி வரும்போது
அந்த மூச்சிரைப்புக்குள் வேறொரு மூச்சிரைப்பு.
பத்து வயது.
தம்பி இடுப்பில். ஒரு காலில் மட்டும் செருப்பு.
தம்பலகாமப் பக்கம், வயலுக்குள்ளால்.
எவ்வளவு தூரமென்று இன்றுவரை அளந்ததில்லை,
அளப்பதுதான் எனக்குச் சம்பளம்.
முடிவுக்கோடு என்று ஒன்று இருக்கவில்லை.
ஓரிடத்தில் ஆட்கள் நின்றார்கள்,
நாங்களும் நின்றோம்.

மான் கடித்த பதக்கத்தைத்
தபாலில் டொரன்டோவுக்கு அனுப்பினேன்.
மூன்று கிழமை கழித்துத் தம்பி எடுத்தான்.
பின்னால் பனி வழிக்கும் வண்டியின் இரைச்சல்.
"இது எதுக்கு அக்கா?
நான் எங்க ஓடினனான்?"
"நீ ஓடேல்ல.
நல்ல பாரமாயிருந்தனி."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு கேட்டான்:
"எத்தனை கிலோ இருந்திருப்பன்?"