பழைய உருளை

பூட்டு உடைவதில்லை, நிலைச்சட்டம்தான் பிளக்கிறது
என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.
இருப்பதிலேயே கனமானதைக் காட்டு என்பார்கள்.
பூசணிக்காய் வாங்குகிறவர்போலக்
கையில் ஏந்தி எடை பார்ப்பார்கள்.

வெல்கா எடை பார்க்கவில்லை.
ரீகாவில் டிராம் ஓட்டுகிறவள்.
பிப்ரவரி. இரவுப் பணி முடித்த கண்கள்.
கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்:
"இதோடு திறக்க வருமா
எதுவாவது?"

விரல் பார்த்துத் திறப்பது, போனில் திறப்பது
எல்லாம் இருந்தன.
மைனஸ் இருபதில் பேட்டரி செத்தால், என்றாள்.
அந்தப் பெட்டிகளை
மேல்தட்டிலேயே விட்டுவிட்டேன்.

நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை.
பூட்டில் ஒரு குறையுமில்லை.
நாக்கு நுழையும் தகட்டைச் சட்டத்தில் பிடித்திருந்தவை
இரண்டே திருகாணிகள், நகத்தளவு.
ஓர் உதைக்குத் தாங்காது.
விரல் நீளத்தில் நான்கு எடுத்துச்
சுவர்வரை இறக்கினேன்.

உள்பக்கம் சாவி வேண்டாம், திருகு குமிழ் போதும்.
புகை சூழ்ந்த இரவில் சாவி தேடுகிறவர்
கதவடியில்தான் கிடப்பார்.
கண்ணாடி வைத்த கதவென்றால்
வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

"முழுசும் மாத்தணுமா?"
வேண்டாம், உள்ளிருக்கும் உருளை மட்டும்.
ஒரு திருகாணி, பத்து நிமிடம்.
வீடு அதே வீடு.
ஒரு சாவிக்கு மட்டும் இனி
முன்பின் தெரியாத வீடு.

அப்போதுதான் சொன்னாள் அது யாருடைய சாவி என்று.
தம்பி. நார்முண்ட்ஸ்.
முதலில் அக்கார்டியன் போனது,
பிறகு தையல் இயந்திரம்,
போன வாரம் அவளுடைய குளிர்கால பூட்ஸ்.
"பூட்ஸைப் போய் யார் வாங்குவாங்க"
என்று சிரிக்கத் தொடங்கினாள்.
நான் குனிந்து
மரத்தூளைக் கூட்டினேன்.

புதிய பெட்டியில் ஐந்து சாவிகள்.
ஒன்றை வளையத்தில் கோத்தாள்.
ஒன்று கீழ்வீட்டு செவிலிப் பெண்ணுக்கு.
மீதி மூன்றையும் உள்ளங்கையில் வைத்து
வெகுநேரம் பார்த்தாள்,
யாருக்கும் எடுத்துவைக்காமல்
பெட்டியை மூடினாள்.

பழைய உருளையை என் பையில் போடப் போனேன்.
கை நீட்டினாள்.
"தபால்ல அவனுக்கு அனுப்பிடறேன்.
நாலு மாடி ஏறி வந்து,
சாவி திரும்பாம,
எதிர்வீட்டுக்காரங்க கதவிடுக்கில பாக்க நிக்க வேண்டாம்
அவன்."

கட்டைவிரல் நீளப் பித்தளை.
கொடுப்பதற்குமுன் அதில்
இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்,
எதற்கென்று அவளும் கேட்கவில்லை.
அவன் சாவிக்கு அது இப்போதும்
சுலபமாய்த் திரும்பும்.