ஆணியில்லாத கோயில்

சிலோயேத் தீவின் எங்கள் கோயிலில்
ஓர் ஆணிகூடக் கிடையாது.
மரத்துக்குள் மரம் செருகி
முளையடித்து நிறுத்தியது.
வடகாற்று வந்தால் தூண்கள் முனகும்,
கூரை நெளியும்,
மாதாவின் கிரீடம் லேசாக ஆடும்.
புதிதாய் வந்த சாமி முதல் புயலில் வெளிறிப்போனார்.
"முனகட்டும் சாமி" என்றேன்.
"விறைத்து நிற்பதுதான் முறியும்."

சொல்லத் தெரிந்தது எனக்கு.

கோயில் சாவி என்னிடம்.
பகலெல்லாம் சிப்பி ஆலையில் ஓடு பிரிப்பு,
மாலையில் செபமாலை.
என் தம்பி செலெதோனியோ
அப்பாவின் படகை என்னைக் கேட்காமல் விற்றவன்.
என் பங்கை உறையில் போட்டு
கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனான்.
மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது,
எண்ணிப் பார்க்கவில்லை.

பதினோரு வருடம்
எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்,
சமாதானம் மட்டும் வரவில்லை.
பூசையில் கைகொடுக்கும் நேரம் வந்தால்
சாய்ந்த மெழுகுத்திரியை நிமிர்த்த எழுந்துபோவேன்.
எந்தத் திரியும் சாய்ந்திருக்காது.

யாரோடும் சண்டையில்லை, யாரோடும் பேச்சில்லை.
இதுதான் அமைதி என்றிருந்தேன்.
கடல் வற்றிய கரையும் அமைதிதான்:
படகெல்லாம் சேற்றில் ஒருக்களித்துக் கிடக்கும்.
தண்ணீர் ஏறும்போதுதான் சத்தம்.
கயிறு இழுபடும், மரத்தில் மரம் மோதும்,
படகு மிதக்கும்.

ஜூலையில் ஒரு ஞாயிறு.
மழைக்கு அஞ்சாமல் வந்தவர்கள் ஐந்து பேர்.
பாதிப் பூசையில் சன்னல் கண்ணாடி தெறித்தது.
சமாதானம் பகிரச் சொன்னார் சாமி.
வழக்கம்போல் எழுந்து திரியிடம் போனேன்.
அங்கே அவன் நின்றிருந்தான்,
சுடருக்கு உள்ளங்கையை மறைவாக வைத்து.

மன்னித்தேன் என்று வரவில்லை வாயில்.
"கை சுடும், எடு" என்றேன்.
எடுக்கவில்லை.
அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன்.
டீசல் வாடை. குளிர்ந்த தோல்.
சுண்டுவிரல் இருந்த இடத்தில்
வழவழப்பான தழும்பு.

"எப்போது?"
"வலைச் சக்கரத்தில். நாலு வருடமாச்சு, அக்கா."

நாலு வருடம்.
இதே கோயிலில், மூன்று பெஞ்சு தள்ளி.

பூட்டிய அறைக்குள் வந்தவர்
முதலில் சமாதானம் என்றார்,
பிறகு கைகளைக் காட்டினார்.
எனக்கு வரிசை மாறி வந்தது.

எதுவும் இறங்கிவரவில்லை, புறாவோ ஒளியோ.
சுடர்கூட அணைந்துபோயிற்று,
மறைக்க ஒரு கை இல்லாமல்.
இருவரும் தீப்பெட்டி தேடினோம்.
நமத்த குச்சிகள். ஆறாவது பற்றியது.

உறையை இன்னும் எண்ணவில்லை.
படகு பற்றிப் பேச்சும் எடுக்கவில்லை,
எடுத்தால் கத்துவேன் என்று தெரியும்.
கத்திவிட்டு அவனுக்குச் சூப் ஊற்றுவேன்
என்பதும் இப்போது தெரியும்.

இரவு, காற்று அடங்காத இரவு,
கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினேன்.
உள்ளே முனகிக்கொண்டிருந்தது கோயில்.

முனகட்டும்.